ஆட்டோபைலட் இருந்தால் விமானிக்கு ஓய்வு வேண்டாமா?

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் விமானம் தாமதமானால் போதும், நெல்லை, தூத்துக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது: ‘ஓட்டுவது ஆட்டோபைலட் என்ற தானியங்கிக் கருவிதான். ஊதிக் காட்டித் தேறினால் விமானி ஃபிட். வாரம் 48 மணி நேர ஓய்வு வீண் சலுகை.’ மூன்றுமே தவறு.

ஊதும் கருவி மதுவைத்தான் காட்டும், தூக்கமின்மையைக் காட்டாது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதைப் போல மங்கும் என்று ஆய்வு உண்டு.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். வழியில் கேப்டன் நெடுநேரம் தூங்கியிருந்தார். குரட்டை காக்பிட் (விமானி அறை) ஒலிப்பதிவிலேயே இருந்தது. இறங்கும்போது, மறுபடி மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் அவர் கேட்கவில்லை. விழித்த பிறகும் விலகாத தூக்கக் கலக்கத்தை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. இறங்குவதா, எழும்புவதா என்று ஆட்டோபைலட்டா முடிவெடுக்கும்?

வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது 2025 ஜூலையில். சென்னைக்கு இரவு பஸ் ஏறும்போது டிரைவர் தூங்கினாரா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விசாரிப்பார்களே, அதே அக்கறைதான் இந்த விதியும். தாமதத்தால் கோபம் வருவது நியாயம். அதைப் போதிய விமானிகளை வைத்துக்கொள்ளாத நிறுவனத்திடம் காட்டுங்கள்.