வயல் எலியால நரம்பு நோய் பரவாது, அந்த ஃபார்வர்ட நிறுத்துங்க

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "கால் சூம்புற நரம்பு நோய விஞ்ஞானிங்க எலிகிட்ட கண்டுபிடிச்சுட்டாங்க, வயல் எலிதான் பரப்புது, அந்த நோய் இருக்கறவங்க வீட்ல சாப்பிடாதீங்க"ன்னு. தப்புங்க இது.

சார்கோட்-மேரி-டூத்ங்கற இந்த நோய் பரம்பரையா ஜீன்ல வர்றது, தொத்தாது. அதிகமா வர்ற 1ஏ வகைல 17வது குரோமோசோம்ல இருக்கற பிஎம்பி22 ஜீன் ஒரு காப்பி கூடுதலா இருக்கும், அதனால நரம்பு மேல இருக்கற மயலின் உறை கெட்டு, பாதம் வளைஞ்சு, கெண்டைக்கால் மெலிஞ்சு, நடக்கறப்ப கால் தடுக்கிக்கிட்டே இருக்கும்.

அப்ப எலி எங்கேர்ந்து வந்துச்சு? லேப்லேர்ந்து. ட்ரெம்ப்ளர்னு ஒரு நடுங்குற சுண்டெலி வகைய பத்தி 1951லயே எழுதிட்டாங்க, 1992ல பாத்தா அதுக்கும் அதே பிஎம்பி22லதான் கோளாறு. அப்பறம் மனுஷ ஜீன சேத்தே சுண்டெலிய உருவாக்கி மருந்த டெஸ்ட் பண்றாங்க (பாவம், எலிதான் நம்மள பாத்து பயப்படணும்).

வயல்ல எலியால வர்றது எலிக்காய்ச்சல், அது பாக்டீரியா, எலி மூத்திரம் கலந்த தண்ணில புண்ணுக்காலோட நின்னா வரலாம், அதுக்கு மருந்து இருக்கு. ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க.

சந்தேகம்னா மெட்லைன்பிளஸ்ங்கற அமெரிக்க அரசு மருத்துவ தகவல் சைட்ல நோய் பேர போட்டு பாருங்க, இல்ல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் நரம்பியல் டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த மெசேஜ் வந்தா யாருக்கும் தள்ளிவிடாதீங்க, அனுப்புனவருக்கு இத அனுப்புங்க.