அந்தச் சம்பளம் யார் கைக்குப் போகிறது?

'செவரன்ஸ்' தொடரின் இரண்டு சீசன்களையும் பார்த்து முடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து வைத்துத்தான் எழுதப் போகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வழக்கமான கடையில் அக்காள் மகனோடும் அவன் நண்பர்களோடும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு இந்தத் தொடருக்கு வந்தது. "கேள்வியாகவே அடுக்குகிறார்கள் சித்தி. பதில் ஒன்றும் இல்லை. நம்மை ஏமாற்றுகிறார்கள்" என்றான். மேசையில் இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். அங்கே எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு இதை எழுதுகிறேன். அவன் சொன்னது தவறு என்பதே என் கட்சி.

கதையைத் தெரியாமலும் சிலர் படிப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். லூமன் என்று ஒரு நிறுவனம். அங்கே வேலைக்குச் சேருகிறவரின் மூளையில் ஒரு சில்லைப் பொருத்துகிறார்கள். மின்தூக்கியில் கீழே இறங்கியதும் வெளியுலக நினைவு அறுந்துவிடும். மாலையில் மேலே ஏறியதும் அலுவலக நினைவு அறுந்துவிடும். ஓர் உடம்பில் இரண்டு ஆட்கள். நான் அவர்களை உள்ளாள், வெளியாள் என்றுதான் சொல்வது. மார்க், ஹெல்லி, இர்விங், டிலன் என்ற நான்கு உள்ளாள்கள் நாள் முழுவதும் கணினித் திரையில் நெளியும் எண்களைப் பார்த்து, எந்த எண் மனத்தில் பயத்தைக் கிளப்புகிறதோ அதைப் பிடித்துப் பெட்டியில் போடுகிறார்கள். எதற்காக என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த வேலை மர்மமானது, முக்கியமானது என்பதற்கு மேல் விளக்கம் கிடையாது.

2022 பிப்ரவரியில் முதல் சீசன் வந்தபோது வெள்ளிக்கிழமை இரவுகளில் மாரியம்மன் கோயில் பூசை முடிந்து வந்ததும் பார்க்க உட்காருவேன். அம்மாவும் பக்கத்தில் உட்காருவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். இணையத்தில் எல்லாரும் அந்த எண்கள் என்ன, அந்த நீண்ட வெள்ளை நடைக்கூடங்களில் ஓர் அறையில் ஆட்டுக்குட்டிகள் ஏன் வளர்கின்றன என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தோம். அம்மா கேட்ட முதல் கேள்வி வேறு.

"உள்ளே இருப்பவனுக்கு வெளியே போன நினைவே இல்லை என்கிறாய். அப்படியானால் அவன் சம்பளம் யார் கைக்குப் போகிறது?"

படத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். பிறகு அவரே சொன்னார். பதினான்கு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர் அவர். சம்பள நாளில் வரிசையில் நின்றது அவருடைய அப்பா. திருமணம் ஆனதும் அந்த வரிசையில் என் அப்பா நின்றார். தன் சம்பளத்தைத் தன் கையால் முதன்முதலில் வாங்கியபோது அக்காளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிட்டதாம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. ஓர் அமெரிக்கத் தொடர் வந்து கேட்க வைக்க வேண்டியிருந்தது.

நான் ஊகங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அவை உயிர். அக்காள் மகன் ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறான். ஆடுகளை வைத்து மனிதப் படியாக்கம் செய்கிறார்கள் என்று அவன் எழுதியிருந்ததை இரவு ஒரு மணி வரை அவனோடு வாதாடியிருக்கிறேன். 'லாஸ்ட்' என்ற இன்னொரு மர்மத் தொடர் வந்த காலத்திலும் இப்படித்தான். 2004 முதல் 2010 வரை ஆறு சீசன், 121 பகுதி. 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களைக் கூட்டினால் 108 வருகிறது என்று கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 108 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்களைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே ஒருவன் நிலத்தடியில் வாழ்ந்தான். அந்தத் தொடரின் எத்தனையோ மர்மங்கள் எனக்கு மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. இன்னொரு நிலத்தடி அறையில் இருப்பவர்கள், திரையில் கண்டதை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, குழாய் வழியாக அனுப்ப வேண்டும். யாரோ படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதினார்கள். குழாயின் மறுமுனை ஒரு வெட்டவெளி. அங்கே நோட்டுகள் குவியலாகக் கிடந்தன, யாரும் திறந்துகூடப் பார்க்காமல். என்னைப் பொறுத்தவரை 'லாஸ்ட்' அவிழ்த்த முடிச்சுகளில் மிகப் பெரியது அதுதான். ஏனென்றால் அந்தப் பதில் ஒரு மனிதனின் உழைப்பின் மேல் விழுந்தது.

அம்மாவின் நாள் இப்படி இருந்தது. விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கு. நிரை நிரையாகப் பால்மரம். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்து, மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து போக வேண்டும். அங்கே கிராணி என்ற தோட்டக் கணக்கர் பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதை அது காட்டும். தண்ணீர் கலந்திருந்தாலும் பிடித்துவிடும். அவர் ஓர் எண்ணைப் புத்தகத்தில் எழுதுவார். அந்த எண்தான் கூலி. அம்மாவுக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியாது. சில நாள் எண் நன்றாக இருக்கும், சில நாள் குறையும். மழை பெய்த மறுநாள் கிராணியின் முகத்தைப் பார்த்தே வயிற்றைக் கலக்கும் என்பார். திரையில் எண்களைப் பார்த்துக் காரணமில்லாமல் பயப்படும் நான்கு பேரை நான் விளக்கியபோது, அதில் அவருக்குப் புரியாதது ஒன்றும் இருக்கவில்லை.

பால் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்களா என்றேன். "கப்பலில் போகிறது என்பார்கள்" என்றார். அவ்வளவுதான். பக்கத்துக் கோலாகங்சாரில், 1877-இல் கொண்டுவந்து நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று, இன்று பெரிய மரமாக மாவட்ட அலுவலகத்தருகே வேலிக்குள் நிற்கிறது. அதைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போனேன். பட்டையைத் தடவ வேண்டும் என்றார். வேலி தடுத்தது.

இரண்டாவது சீசன் 2025 ஜனவரி 17-ஆம் தேதி வந்தது. ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. 2023-இல் அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்களும் நடிகர்களும் செய்த வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நின்றதும் அதற்கு ஒரு காரணம். அந்தத் தாமதத்துக்காக முணுமுணுத்தவர்களோடு நான் சேரவில்லை. உழைப்பவரின் உரிமையைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் உரிமைக்காக வேலையை நிறுத்தினால் நான் காத்திருப்பேன்.

பதில் இல்லை என்கிறாயே தம்பி, இந்தச் சீசன் சொன்ன பதிலை மறந்துவிட்டாயா? மார்க் இத்தனை நாள் பெட்டியில் போட்ட எண்கள் என்ன? விபத்தில் இறந்ததாக அவன் நம்பிய மனைவி ஜெம்மா அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அடைபட்டிருக்கிறாள். அவன் முடிக்கும் ஒவ்வொரு கோப்பும் அவளுக்குள் இன்னொரு புதிய ஆளை உண்டாக்குகிறது. ஒருத்தி பல்மருத்துவரின் நாற்காலியை மட்டுமே அறிவாள். இன்னொருத்தி நன்றிக் கடிதம் எழுதி எழுதிக் கை வலிப்பதை மட்டுமே அறிவாள். மனைவியை இழந்த துக்கம் தாங்காமல்தான் வெளியே இருப்பவன் இந்த வேலைக்கே வந்தான். வந்தவன் கையாலேயே அவளுடைய சிறையைக் கட்டிக்கொண்டிருந்தான். இதைவிடக் கொடிய பதிலை எந்தத் தொடர் சொல்லியிருக்கிறது? எண்களுக்கு ஏதோ ஒரு சூத்திரம் காட்டியிருந்தால் உன் நோட்டில் ஒரு வரி கூடியிருக்கும். இது நெஞ்சில் அல்லவா இறங்கியது.

ஆடுகளுக்கு வருகிறேன். முதல் சீசனிலேயே அம்மா சொன்னார்: "அது நேர்ந்துவிட்ட ஆடாக இருக்கும்." எங்கள் தோட்டத்தில் முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு முன்பே ஒரு கிடாவை ஒதுக்கி விடுவார்கள். அதை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும், அவ்வளவு செல்லமாக ஓர் ஆட்டை வளர்த்தால் அது எதற்கென்று. நிறுவனரைத் தெய்வமாகக் கும்பிடும் ஓர் இடத்தில், நிலத்துக்கடியில், ஒருவன் ஆட்டுக்குட்டிகளுக்குப் பாலூட்டி வளர்க்கிறான் என்றால் வேறு என்னவாக இருக்கும் என்று கேட்டார். மூன்று வருடம் கழித்து மார்ச் 21-ஆம் தேதி வந்த கடைசிப் பகுதியில், சாகப் போகும் ஜெம்மாவின் ஆவியை நிறுவனர் கியர் ஈகனிடம் வழிநடத்திச் செல்ல ஓர் ஆட்டைப் பலி கொடுக்கக் கொண்டுவந்தார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை. ஆடுகளை வளர்த்த பெண் கொல்ல மாட்டேன் என்று திரும்பி நின்றாளே, அந்த இடத்தில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளாள்களை மேற்பார்க்கும் மில்ச்சிக் பாத்திரத்தை அம்மா முதல் நாளிலிருந்து "கிராணி" என்றுதான் குறிப்பிடுவார். மேலே இருப்பவர்களுக்குச் சிரித்த முகம், கீழே இருப்பவர்களுக்குத் தண்டனை. இரண்டாவது சீசனில், கறுப்பினத்தவரான அவருக்கு நிறுவனம் ஒரு பரிசு தருகிறது: நிறுவனரையே கறுப்பு மனிதராகத் தீட்டிய ஓவியங்கள். அவற்றைப் பார்க்கும் அந்த நடிகரின் முகத்தை நான் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். டிராமெல் டில்மன் அந்த ஆண்டு எம்மி விருது பெற்றதில் எனக்கு வியப்பே இல்லை. தோட்ட மேலாளரான துரைக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் நடுவில் நின்றவர்களின் முகம் அது. நானும் இன்று ஒரு செம்பனை ஆலையில் எடை மேடைக் கணக்கு எழுதுகிறவள். குலை ஏற்றிவரும் லாரிக்காரர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தக் காட்சிக்குப் பிறகு, நான் எழுதும் எண்ணை ஒவ்வொருவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன்.

எட்டாவது பகுதியைச் சலிப்பு என்று எழுதியவர்கள் மேல்தான் எனக்கு உண்மையில் கோபம். லூமனில் மார்க்கின் மேலாளராக இருந்த கோபெல் தன் பிறந்த ஊருக்குத் திரும்பும் பகுதி அது. லூமனின் ஈதர் என்ற மயக்க மருந்து ஆலை இருந்த கடலோர ஊர். சிறுமியாக அவள் அந்த ஆலையில் வேலை பார்த்தாள். நிறுவனம் போய்விட்டது, ஈதர் போதை மட்டும் ஊரில் தங்கிவிட்டது. நினைவைப் பிளக்கும் அந்தத் தொழில்நுட்பமே அவள் கண்டுபிடிப்பு, பெயரை ஈகன் குடும்பம் எடுத்துக்கொண்டது. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட வரலாறு நம்முடையது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும் என்பதும் இருந்தது. அந்தக் கடலோர ஊரின் வெறிச்சோடிய தெருவைச் சலிப்பு என்று சொல்ல மற்றவர்களுக்கு உரிமை இருக்கலாம். சுங்கை சிப்புட்டில் பிறந்த நமக்கு இல்லை.

தொடரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மார்க்கின் இரண்டு நினைவுகளையும் ஒன்றாக்கும் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, பாதியில் ஓரமாக வைத்துவிட்டார்கள். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஒவ்வொரு பகுதி வந்த மறுநாளே பத்து நிமிட விளக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு, தொடரைப் பார்த்தாயிற்று என்று சொல்கிறவர்கள் அதைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் இருக்கும் ஆறு நாட்களும் தொடரின் பகுதிதான். அந்த ஆறு நாட்களில்தான் அம்மா எனக்குத் தன் கதையைச் சொன்னார்.

செவரன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டிப் பிரித்தல் என்று ஒரு பொருள். வேலையிலிருந்து அனுப்பும்போது தரும் தொகைக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். எங்கள் தோட்டம் கைமாறியபோது அப்பாவின் கையில் அப்படி ஒரு காசோலையைக் கொடுத்தார்கள். கூடவே வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம். வேலையோடு ஒட்டிய வீடு, வேலை போனால் வீடும் போயிற்று. நாங்கள் விளையாடிய இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன.

கடைசிக் காட்சியில் மார்க்கின் உள்ளாள் ஜெம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கதவுக்கு அப்பால் அவள் கதறக் கதற, ஹெல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே ஓடுகிறான். வெளியே போனால் அவன் இல்லை. மனைவிக்குத் துரோகம் என்று ஊரே ஏசியது. அம்மா ஏசவில்லை. மூன்றாவது சீசன் வரப்போகிறது என்று அறிவித்த செய்தியைச் சொன்னபோது, இதைத்தான் கேட்டார்: "கம்பெனிக்காரன் அந்த மாடியையே மூடிவிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நமக்காவது தூக்கிக்கொண்டு போகப் பாயும் பானையும் இருந்தன. அவர்களுக்கு உடம்பே சொந்தம் இல்லையே."

தம்பி, உன் நோட்டில் இதற்கு ஏதாவது எழுதியிருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. பாட்டியும் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.