தண்ணீர் புகுந்த வேடர்ஸ் ஆளை மூழ்கடிக்குமா?

பரவும் தகவல்: ஆற்றில் நின்று தூண்டில் போடுவோர் அணியும் 'வேடர்ஸ்' எனும் நீர்புகா உடைக்குள் தண்ணீர் புகுந்தால், கல்லைக் கட்டியதுபோல் ஆளை அடியில் இழுத்துவிடும், மார்பளவு உடையை வாங்காதீர்கள்.

இது தவறு. உள்ளே இருப்பதும் ஆற்றுத் தண்ணீர்தான். நீருக்குள் அதற்குத் தனி எடை கிடையாது. அமெரிக்கத் தூண்டில்காரர் லீ உல்ஃப், வேடர்ஸோடு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தே இதைக் காட்டினார். நியோப்ரீன் எனும் நுரை ரப்பரால் ஆன வகையோ மிதக்கவே உதவும்.

உண்மையான ஆபத்து கரையேறும்போதுதான். உள்ளே 20 லிட்டர் தேங்கினால் காலில் 20 கிலோ தொங்கும். எழ முயன்றால் மறுபடி விழுவீர்கள். ஆழமில்லாத இடம்வரை தவழ்ந்து வந்து, மல்லாந்து காலைத் தூக்கி நீரை வடியவிடுங்கள். தொளதொளப்பான உடை ஓடும் நீரில் கப்பல் பாய்போல் உப்பி ஆளைத் தள்ளும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே மார்பளவு உடையையே வாங்கலாம், பெல்ட்டோடு. இடுப்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டினால் நீர் புகுவது வெகுவாகக் குறையும். கடையிலேயே கனமான காலுறையோடு போட்டுக் குந்திப் பாருங்கள்: முழங்காலில் உடை இறுக்கிப் பிடித்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். தவறி விழுந்தால் மல்லாந்து, கால்கள் நீரோட்டத் திசையில் இருக்க, கைகளால் துழாவிக் கரைக்கு ஒதுங்குங்கள்.