செங்சௌ வெள்ளம்: 'பஞ்சு நகரம்' வீண் என்பது சரியா?

"சீனாவின் செங்சௌ 'பஞ்சு நகர'த் திட்டத்துக்கு 5,300 கோடி யுவான் கொட்டியும் 2021-இல் மூழ்கியது, மழைநீரை ஸ்பாஞ்ச் போல உறிஞ்சி மண்ணில் இறக்கும் வடிவமைப்பெல்லாம் வீண்" என்றொரு பதிவு சுற்றுகிறது. மூழ்கியது உண்மை. முடிவு தவறு.

ஜூலை 20 மாலை ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை. நீர் இறங்கும் நடைபாதையும், மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் மழைத்தோட்டமும் இவ்வளவு பெரிய மழைக்கானவை அல்ல.

அப்புறம் பணம். 5,300 கோடி என்பது திட்டமிட்ட தொகை, அத்தனையும் செலவாகிவிடவில்லை. அதுவரை செலவானதில் சுமார் 32 சதவீதம்தான் உண்மையான பஞ்சு நகரப் பணிக்குப் போனது; பாதிக்கு மேல் செடிகொடி, அலங்காரத்துக்கு என்கிறது சீன அரசின் விசாரணை அறிக்கையே.

மெட்ரோவில் 14 பேர் இறந்ததுதான் நெஞ்சைப் பிசைகிறது. அனுமதியின்றி வரைபடத்தை மாற்றி, ரயில் பணிமனையைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியே தண்ணீர் புகுந்த பிறகும் ரயில்களை உடனே நிறுத்தவில்லை. இதற்கு மழைத்தோட்டம் என்ன செய்யும்?