வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்த வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும், அவர்களை அழைக்கிற நம் சபைகளுக்கும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ஒரு வெளிநாட்டு ஊழியக் குழு வரப்போகிறது என்றால், எத்தனை பேர், என்ன கொண்டு வருகிறார்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். பிள்ளைகளுக்கு முன்னால் யார் நிற்பது என்று யாரும் கேட்பதில்லை. ஊரின் ஞாயிறு பள்ளி அக்காதான் நிற்க வேண்டும், வருகிறவர்கள் அவருக்குக் கைத்துணையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் பாதியைச் சட்டமே முடிவு செய்துவிடுகிறது. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆலயத்துக்கு வரலாம், ஆராதனையில் உட்காரலாம். போதிக்கவோ சமயத் துண்டுப்பிரசுரம் கொடுக்கவோ கூடாது. அதற்குத் தனியாக மிஷனரி விசா இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களும் போதிக்க வேண்டுமென்றால் 2021 முதல் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போடும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். பிரச்சினை வந்தால் அழைத்த சபையும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாதம் என்றால் மே. பள்ளி விடுமுறை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள், அனுமதி கேட்க வசதி. பெற்றோரிடம் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள். விளையாட்டுச் சத்தம் கேட்டு இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அங்கே என்ன சொல்லித்தரப்படும் என்பது அவர்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நேரம் காலை 8 முதல் 10.30 வரை போதும். அதற்குமேல் தகரக் கொட்டகையில் பிள்ளைகள் உட்காரவே முடியாது.

ஆள் கணக்குக்கு பிரிட்டனின் என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அளவு நல்லது: 4 முதல் 8 வயதுவரை 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வயதுவரை 8 பேருக்கு ஒருவர், எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். ஆனால் நம் ஊரில் பத்து வயது அக்கா இடுப்பில் இரண்டு வயதுத் தம்பியோடுதான் வருவாள். தம்பியை விட்டுவிட்டு வா என்றால் அவளும் வரமாட்டாள். உள்ளே விட்டால், அவன் வாயிலிருந்து கிரேயானைப் பிடுங்குவதிலேயே அவள் நேரம் போய்விடும். ஓரமாக ஒரு பாய் விரித்து, தெரிந்த பெரியம்மா இரண்டு பேரை உட்கார வையுங்கள். அப்போதுதான் அவள் ஒரு கதையாவது முழுதாகக் கேட்பாள்.

தண்ணீர், 60 பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று. ஜூஸ் கலக்க ஐஸ் கம்பெனிக் கட்டியை உடைத்துப் போடவே கூடாது. அது மீன் பெட்டிக்கான ஐஸ், குடிக்கிற தண்ணீரில் செய்தது அல்ல. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு படுத்துவிடும்.

மொழிபெயர்ப்பை நம்பிக் கதை சொல்வது வீண். பத்து நிமிடக் கதை இருபது நிமிடமாகும்; கடைசி வரிசை மண்ணில் கோடு போட ஆரம்பித்துவிடும். 1540களில் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்கு) மிஷனரியாக வந்த சவேரியாரே ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டுதான் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார்.

எந்தக் கதை என்பது அதைவிடப் பெரிய விஷயம். கடற்கரை ஊர் என்றதும் வருகிறவர்கள் எல்லோரும் இயேசு புயலை அடக்கிய கதையைத்தான் எடுக்கிறார்கள். "ஜெபித்தால் கடல் அமைதியாகும்" என்று முடிப்பார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும். இலங்கைச் சிறையில் இருக்கிறவரின் பிள்ளையும் இருக்கும். எங்கள் வீட்டில் ஜெபிக்கவில்லையா என்ற கேள்வியோடு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும். தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரம் எடுங்கள்: இரவு முழுக்க மீன்பாடு இல்லை, விடிகாலையில் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், சாப்பிட வாருங்கள் என்ற அழைப்பு. பழைய வலைத்துண்டு ஒன்றை நடுவில் விரியுங்கள். அந்தக் கதையில் கடைசியில் வலையில் சிக்கிய மீன் 153; அத்தனை புளியங்கொட்டையைப் பிள்ளைகளே எண்ணி அதில் போடட்டும். வலை எங்கே கிழியும், ஊசியால் எப்படிப் பொத்துவது என்று வந்தவர்களுக்கு அவர்களே சொல்லித்தருவார்கள். கைவேலைக்கு இதுவே போதும். பவளத்துண்டு, கடல்குதிரை எடுத்துவா என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

ஐந்து நாள் பழகிய வெளியூர் அண்ணனிடம் ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்லலாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். பாலியல் குற்றமென்றால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உதவிக்கு குழந்தைகள் உதவி எண் 1098. அந்த ரகசியத்தோடு விமானம் ஏறிப் போய்விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

கடைசி நாளில் "அடுத்த வருஷம் வருவீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உறுதியில்லாமல் ஆமாம் என்று சொல்லாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை அக்கா இங்கேயே இருப்பாங்க" என்று சொல்லி, எல்லார் பெயரும் எழுதிய வருகைப்பதிவு நோட்டை அவர்கள் பார்க்கவே அந்த அக்கா கையில் கொடுங்கள்.