லேடி மக்பெத்தை சீரியல் மாமியார் ஆக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கோயில் மண்டபத்தில் ஷேக்ஸ்பியரின் மக்பெத்தைத் தமிழில் போடலாம் என்று ஒரு குழு கிளம்பினால், மன்னனைக் கொன்று அரியணை ஏறும் மக்பெத்தின் மனைவி லேடி மக்பெத் வேடத்துக்கு முதலில் தேடுவது பெரிய கண்ணும் பெரிய குரலும் உள்ள பெண்ணைத்தான். அப்புறம் பெரிய பொட்டு, வசனத்துக்கு வசனம் இடிச்சத்தம். பாதி நாடகத்துக்கு மேல் இது தாங்காது. ஏனென்றால் ஷேக்ஸ்பியர் அவளைப் பாதியில் கழற்றி விட்டுவிடுகிறார். மூன்றாம் அங்கத்து விருந்து முடிந்ததும் போகிறவள், நான்காம் அங்கத்தில் தலையே காட்டுவதில்லை. ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து வருகிறாள், ஒரே காட்சி. அதுவரை கத்தித் தீர்த்த நடிகைக்கு அந்தக் காட்சிக்கு வரும்போது கையில் எதுவும் மிச்சமிருக்காது.

அவள் கதை பேராசையின் கதை என்று பள்ளிக்கூட நோட்ஸில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பேராசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்காக? மக்பெத் அனுப்பிய கடிதத்தை அவள் வாசிக்கும் காட்சியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ‘நான் ராணியாவேன்’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. அவன் என்ன ஆவான், அவனிடம் எது குறைகிறது, அவன் காதில் தான் எதை ஊற்ற வேண்டும், இவ்வளவுதான் கணக்கு. சொந்தமாகப் படையோ நிலமோ ஆளோ இல்லாத பெண் அவள். நாடகம் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அதிகாரத்துக்கு அவளிடம் இருக்கும் ஒரே வழி கணவனின் காது. அந்தக் காது மூடிய நாளில் அவள் கதை முடிந்தது.

மூடுகிற இடம் எது தெரியுமா? மூன்றாம் அங்கம், முதல் காட்சி. தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்வதற்கு முன் மக்பெத் எல்லோரையும் வெளியே அனுப்புகிறான். அந்த ‘எல்லோரில்’ அவளும் ஒருத்தி. வெளியே போகும் அந்த இடத்தில் அவளுக்கு வசனம் இல்லாததால் பெரும்பாலான குழுக்கள் கும்பலோடு கும்பலாகத் தள்ளிவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எல்லோரும் போகட்டும், அவள் மட்டும் நிற்கட்டும், தன்னை இருக்கச் சொல்வான் என்று. அவன் திரும்பிப் பார்க்காமல் இருக்கட்டும். மூன்று எண்ணும் நேரம் போதும். அடுத்த காட்சியில் ‘என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்கிறவளிடம், ‘உனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, கண்ணே’ என்கிறான். கொலைக்கு முன் கடிதத்தில் ‘என் பெருமையின் பங்காளி’ என்று எழுதிய அதே ஆள்!

கைகேயியோடு ஒப்பிடாத தமிழர் கிடையாது. எனக்கு அந்த ஒப்பீடு பாதிதான் ஒட்டுகிறது. கைகேயி கையில் இரண்டு வரம் இருந்தது. தசரதன் வாக்குக் கொடுத்தவன், அவள் கேட்டது கணக்குப்படி வரவேண்டிய பாக்கி. அவளைத் திருப்பக் கூனி இருந்தாள். கம்பன் ‘தூய சிந்தையும் திரிந்தது’ என்று சொன்ன கையோடு தேவர்களின் மாயையையும் காரணமாகச் சேர்த்துவிடுகிறான். லேடி மக்பெத்துக்கு வரமும் இல்லை, கூனியும் இல்லை. மக்பெத்திடம் நீ மன்னனாவாய் என்று சொன்ன சூனியக்காரிகள் மூவரும் ஒரு தடவைகூட அவளைச் சந்திப்பதில்லை. அவளே பேய்களைக் கூப்பிட்டு, என் பெண்மையை உரித்துப் போடுங்கள், ரத்தத்தைக் கெட்டியாக்குங்கள் என்று கேட்கிறாள். எதுவும் மேடைக்கு வருவதில்லை. கூனியும் அவளே, கைகேயியும் அவளே.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் நம் ஊர் மண்ணிலேயே ஆள் இருக்கிறார். 1828-இல் டுகுசாவில், அதாவது முன்பு ஸ்டேங்கர் என்றிருந்த இன்றைய க்வாடுகுசாவில், சுலு மன்னர் ஷாகா கொல்லப்பட்டார். குத்தியவர்கள் மாற்றாந்தாய்ச் சகோதரர்களான டிங்கானேயும் ம்லாங்கானாவும். பின்னால் இருந்து காய் நகர்த்தியவர் ஷாகாவின் அத்தை ம்கபாயி என்பது சுலு மரபு. அவருக்குரிய புகழ்பாடல் அவரைத் தந்திரத்தின் தந்தை என்கிறது, தாய் என்றுகூட இல்லை! ம்கபாயிக்குச் சொந்தப் படைக்குடியிருப்பு இருந்தது, அரச ரத்தம் இருந்தது. யார் மன்னரானாலும் அவர் இருந்த இடம் அசையவில்லை. லேடி மக்பெத்திடம் இல்லாதது இதுதான். வெல்கம் ம்சோமி இந்த நாடகத்தை ‘உமாபாத்தா’ என்று சுலுவில் எழுதி டர்பனில், நட்டால் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் போட்டார். 1972-இல் லண்டன் வரை போனது. சுலுவில் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்த கதை தமிழில் உட்காராதா என்ன?

உட்காரும். ஆனால் மொழிபெயர்க்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு, நீ–நீங்கள். முதல் அங்கம் ஏழாம் காட்சி. மக்பெத் ‘இந்த வேலை இதோடு போதும்’ என்று பின்வாங்குகிறான். அவள் பதிலை மரியாதைப் பன்மையில்தான் தொடங்குகிறாள். இரண்டு மூன்று வரி தாண்டி, ‘பயப்படுகிறாயா?’ என்னும் இடத்தில் ஷேக்ஸ்பியரின் ஆங்கிலமே ஒருமைக்கு இறங்குகிறது. பிறகு மறுபடி பன்மைக்கு ஏறுகிறது. இன்றைய ஆங்கிலக் காதுக்கு இது கேட்காது, தமிழ்க் காதுக்குப் பளிச்சென்று கேட்கும். அதுவரை ‘நீங்கள்’ என்று பேசிய மனைவி அந்த ஒரு இடத்தில் மட்டும் ‘நீ’ என்றால் மண்டபம் மூச்சை இழுக்கும். இடிச்சத்தமே தேவையில்லை. முதலிலிருந்தே ‘நீ, வா, போ’ என்று எழுதிவிட்டால் இந்த ஆயுதம் வீண்.

அதே காட்சியில் இன்னொன்று. ‘தோற்றுவிட்டால்?’ என்று அவன் கேட்பான். அவள் பதில் இரண்டே சொல். 1623 பதிப்பில் கேள்விக்குறி இருக்கிறது. சாரா சிடன்ஸ் என்ற பழைய நடிகை முதலில் இளக்காரக் கேள்வியாகவும், பிறகு வியப்பாகவும் சொல்லிப் பார்த்து, கடைசியில் முற்றுப்புள்ளி வைத்துத் தட்டையாகச் சொன்னாராம். என் ஓட்டும் அதற்குத்தான். ‘தோற்றால் தோற்றோம்.’ கத்தாமல், அடுப்பில் பால் பொங்கினதைச் சொல்வது போல.

இனி ரத்தம். ஒரு கப் கோல்டன் சிரப், கால் கப் வெந்நீர், இரண்டு தேக்கரண்டி சிவப்புக் கலர், நிறம் இருட்ட அரைத் தேக்கரண்டி கொக்கோ. தண்ணீரைக் குறைத்தால் டர்பன் புழுக்கத்திலும் விளக்குச் சூட்டிலும் பாகு இறுகி, கத்தி கையை விட்டு வராது. கத்தி இரண்டு என்பதும் நினைவிருக்கட்டும், பழி விழ வேண்டிய மன்னனின் காவலர் இருவருக்கும் ஆளுக்கொன்று. ஆரத்தித் தண்ணீரை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். சுண்ணாம்பு கையை அரிக்கும், அதோடு பார்ப்பவர்கள் திருஷ்டி கழிக்கிறார்கள் என்று சிரிப்பார்கள். கொலை முடிந்த காட்சியில் கதவு தட்டும் ஓசை நான்கு தடவை. தட்டுகிறவர் பக்கத்தறையில் அல்ல, மண்டபத்தின் கடைசிக் கதவில் நிற்க வேண்டும்.

தூக்கத்தில் நடக்கும் காட்சியில் எல்லோரும் செய்யும் தப்பு, அவள் கையில் மறுபடி சிவப்பைப் பூசுவது. அங்கே ரத்தம் இருக்கவே கூடாது. கறை அவளுக்கு மட்டும்தான் தெரிகிறது. கதவு தட்டுகிறது என்கிறாளே, அந்த ஓசையும் வெளியே கேட்கக் கூடாது. மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கை கழுவ முடியாது. சிடன்ஸ் 1785-இல் அதைக் கீழே வைத்ததே அன்று பெரிய சர்ச்சையாயிற்று. நமக்கு அகல் விளக்கு போதும், தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தேய்க்கலாம். கால் மணி நேரம் தேய்ப்பாள் என்று தோழி மருத்துவரிடம் சொல்கிறாள். மேடையில் முப்பது விநாடி பேசாமல் தேய்த்தாலே போதும், முன்வரிசையில் இருக்கும் பாட்டிகள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் காட்சி செய்யுள் அல்ல, உரைநடை. இழுத்துப் பேசாமல் துண்டு துண்டாகப் பேசச் சொல்லுங்கள். ‘நடந்தது நடந்ததுதான்’ என்று முன்பு கணவனைத் தேற்றியவள், இங்கே ‘நடந்ததை இல்லை என்று ஆக்க முடியாது’ என்கிறாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்தால்தான் அது காதில் விழும்.

சாவு மேடையில் இல்லை. உள்ளே பெண்களின் ஓலம், பிறகு ஒருவன் வந்து ராணி இறந்ததைச் சொல்கிறான். நம் ஆட்களுக்கு இங்கே ஒப்பாரி வைக்கக் கை துறுதுறுக்கும். வைத்தால் காட்சி அவள் பக்கம் சாய்ந்துவிடும், மக்பெத் கல்லாகிப் போனது தெரியாமல் போகும். உள்ளேயிருந்து இரண்டு குரல், ஒரே ஒரு தடவை. அவன் வாளைத் துடைத்துக்கொண்டே கேட்கட்டும்.