மீன் சந்தைத் திடலில் வெள்ளைச் சட்டைகள்

2003 ஏப்ரல் மாதம். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், டப்மன் சாலையோரம், மீன் சந்தையை ஒட்டிய ஒரு திடலில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணிக்கட்டு. நகை கிடையாது, அலங்காரம் கிடையாது. காலையில் வருவார்கள், பொழுது சாயும்வரை இருப்பார்கள். வெயில் அடித்தால் வெயிலில், மழை பெய்தால் மழையில். மன்ரோவியாவின் மழை சாதாரண மழை கிடையாது, உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் தலைநகரங்களில் அதுவும் ஒன்று. அதிபர் சார்லஸ் டெய்லரின் கார்கள் தினமும் அந்தச் சாலை வழியாகத்தான் போகும், வரும். அந்தத் திடலைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். லைபீரியப் பெண்களுக்குச் சமாதானம் இப்போதே வேண்டும் என்று ஒரு பெரிய பதாகை. அதன் கீழே சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஐந்து வேளை தொழுகிறவர்களும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஊரில் ஒரு மத நல்லிணக்கக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் பெண்கள் மூன்று பேர். நான், ஒரு கன்னியாஸ்திரி, அப்புறம் எங்கள் தெருவில் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெண்மணி. குத்துவிளக்கு ஏற்றினோம், புறா பறக்கவிட்டோம், சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். மேடையை விட்டு இறங்கும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தெருவுல கல்லு விழுந்ததைப் பத்தி ஒருத்தரும் பேசலையே புள்ள" என்றார். நடத்தியவர்கள் நல்ல மனதோடுதான் நடத்தினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரியம்மா கேட்டது அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மீன் சந்தைத் திடல்தான் கண்முன் வருகிறது.

லைபீரியாவில் சண்டை தொடங்கியது 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அதிபர் சாமுவேல் டோவுக்கு எதிராக டெய்லர் படை திரட்டிக்கொண்டு வந்தார். டோவின் சிப்பாய்கள் ஒரு பக்கம் கொன்றார்கள், டெய்லரின் ஆட்கள் இன்னொரு பக்கம். டோவுக்கு வேண்டியவர்கள் என்று முத்திரை குத்தி மாண்டிங்கோ என்ற இனத்து முஸ்லிம்களைத் தேடித் தேடிக் கொன்றது டெய்லரின் படை. நடுவில் ஓர் ஓய்வு, 1997இல் ஒரு தேர்தல், அதில் டெய்லரே ஜெயித்தார். 1999இல் மறுபடி சண்டை. இம்முறை அவரை எதிர்த்து வந்த லர்ட் படையில் பெரும்பாலும் மாண்டிங்கோக்கள். சுமார் 30 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் மொத்தம் இரண்டரை லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. துப்பாக்கி தூக்கியவர்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு.

மன்ரோவியாவில் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் சர்ச் இருக்கிறது. 1990 ஜூலை 29ஆம் தேதி இரவு அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களை டோவின் சிப்பாய்கள் புகுந்து கொன்றார்கள். சுமார் 600 பேர். குழந்தைகளும் அதில் அடக்கம். பிற்பாடு அதே சர்ச்சில்தான், போரில் மனம் உடைந்தவர்களைத் தேற்றும் ஒரு திட்டம் நடந்தது. சண்டை போட்டுத் திரும்பிய சிறுவர்களை உட்கார வைத்துப் பேசும் வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்தான் லேமா குபோவி. சண்டை தொடங்கியபோது பதினேழு வயதுப் பெண். அத்தனை பேர் செத்த இடத்தில் தினமும் போய் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அப்புறம் அவர் செய்ததெல்லாம் இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் கூடியது கிறிஸ்தவப் பெண்கள் மட்டும்தான். சேர்ந்து ஜெபம் செய்தார்கள். ஒரு நாள் அந்தக் கூட்டத்துக்கு அஸத்து பா கென்னத் என்ற பெண் வந்தார். காவல்துறை அதிகாரி. கூட்டத்தில் இருந்த ஒரே முஸ்லிம். எழுந்து நின்று, இந்த வேலையை நான் முஸ்லிம் பெண்களிடமும் கொண்டு போகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது. வேற்றுமதத்தார் கூட்டத்தில் தனி ஆளாக எழுந்து நின்று பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேர்வது சுலபமாக நடக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து ஜெபித்தால் நம் விசுவாசம் கலப்படம் ஆகிவிடாதா என்று கிறிஸ்தவப் பெண்களில் சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை மூடி மறைக்காமல் பேசித் தீர்த்தார்கள். சுடுகிற குண்டு இவள் கிறிஸ்தவச்சி, இவள் முஸ்லிம் என்று பார்த்தா வருகிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மசூதி வாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை சர்ச். கையில் துண்டுப் பிரசுரம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தார்கள். இந்தப் படம் வரைந்த விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். எழுத்து தெரியாத மீன்காரம்மாவும் இது நம் காரியம் என்று வந்து உட்கார்ந்தது இதனால்தான்.

இரண்டு மதமும் சேர்ந்ததால் என்ன கிடைத்தது? என் கருத்தைச் சொல்கிறேன். முஸ்லிம் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால், இவர்கள் லர்ட் படையின் ஆட்கள் என்று டெய்லர் ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார். கிறிஸ்தவப் பெண்கள் மட்டும் என்றால், டெய்லர் அனுப்பிய கூட்டம் என்று எதிர்ப்படை சொல்லியிருக்கும். சேர்ந்து உட்கார்ந்தவர்களை எந்தப் பக்கத்தில் தள்ளுவது? அந்தக் கூட்டணியின் பலமே இதுதான் என்று நினைக்கிறேன். நம் மேடைகளில் மதம் தோற்றத்துக்காக வருகிறது. ஒரு பொட்டு, ஒரு பர்தா, ஒரு சிலுவை, மூன்றும் ஒரே போட்டோவில் விழ வேண்டும். அந்தத் திடலில் மதம் வேலை செய்தது.

கோரிக்கையும் மொட்டையாக இல்லை. நிபந்தனையில்லாத போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, காவலுக்கு ஒரு வெளிநாட்டுப் படை. மூன்றே மூன்று. நாட்கணக்கில் கண்டுகொள்ளாமல் போன டெய்லர் கடைசியில் ஏப்ரல் 23 அன்று அவர்களைப் பார்க்கச் சம்மதித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதிபர் மாளிகை வாசலில் திரண்டார்கள். பேசப் போனது குபோவி. எங்களுக்குச் சலித்துவிட்டது என்றார். ஓடி ஓடிச் சலித்துவிட்டது, நிவாரணக் கோதுமைக்குக் கையேந்திச் சலித்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. அம்மா, அந்தக் காலத்தில் நீ என்ன செய்தாய் என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றார். எதிரே இருந்தவர் கொலைக்கு அஞ்சாதவர் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்த செய்தி, இந்தப் பெண்கள் கணவன்மார்களோடு படுக்க மாட்டோம் என்று அறிவித்தது. நடைமுறையில் அதனால் பெரிய பலன் இல்லை, செய்தியாளர்களை வரவழைக்க உதவியது என்று குபோவியே எழுதியிருக்கிறார். அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

டெய்லர் பேச்சுவார்த்தைக்குத் தலையாட்டியதும் சிலர் பக்கத்து நாடான சியரா லியோனுக்குப் போய், அங்கே தங்கியிருந்த எதிர்ப்படைத் தலைவர்களையும் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் வந்தாக வேண்டும் என்றார்கள். ஜூன் 4 அன்று கானாவின் அக்ராவில் பேச்சு தொடங்கியது. அன்றைக்கே டெய்லர் மீது சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் போர்க்குற்றம் சாட்டியிருப்பது வெளியே வந்தது. அவர் அவசரமாக ஊர் திரும்பினார். மற்றவர்கள் ஓட்டல் அறைகளில் தங்கி, யாருக்கு எந்தப் பதவி என்று வாரக்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

ஜூலை 21. மன்ரோவியாவில் அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து ஆட்கள் செத்தார்கள் என்ற செய்தி அக்ராவுக்கு வந்தது. பெண்கள் கூட்டமாகப் போய்ப் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலில் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கையோடு ஒருவர் கை கோத்துக்கொண்டு. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது. கையெழுத்துப் போடுகிறவரைக்கும் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கட்டும், எங்கள் ஜனங்கள் அப்படித்தானே கிடக்கிறார்கள் என்றார்கள். காவலர்கள் குபோவியைக் கைது செய்ய வந்தார்கள். அவர் எழுந்து நின்று தலைத்துணியை அவிழ்த்தார், ஆடையிலும் கை வைத்தார். தாயான ஒருத்தி தன் ஆடையைத் தானே களைந்தால் அதைப் பார்க்கிறவனுக்குப் பெருஞ்சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து சமாதானம் பேசினார். பெண்களைத் தாண்டிக் குதித்து வெளியேறப் பார்த்த ஒரு தளபதியை அவரே அதட்டி உள்ளே அனுப்பினார்.

இந்தப் பெண்கள் உட்கார்ந்ததாலேயே போர் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். லர்ட் படை தலைநகர் வாசலுக்கே வந்துவிட்டது, நீதிமன்றம் துரத்தியது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை வந்திறங்கியது, அமெரிக்கா நெருக்கியது. எல்லாம் சேர்ந்துதான் ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவியை விட்டு நைஜீரியாவுக்குப் போனார், 18ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து இழுத்தடித்தவர்களுக்கு அவசரத்தை உண்டாக்கியது யார்? வாசலில் உட்கார்ந்தவர்கள்தான்.

கையெழுத்தானதும் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்றால், இல்லை. டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே ஐநா படை ஆயுதங்களைத் திரும்ப வாங்கத் தொடங்கியபோது ஏற்பாடு போதாமல் கலவரம் ஆகி, வேலையை நிறுத்தி, நான்கு மாதம் கழித்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. துப்பாக்கி தூக்கிய அந்தப் பையன்களை நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாம். 2005 தேர்தலுக்குப் பெண்களைச் சந்தை சந்தையாகப் போய் வாக்காளராகப் பதிய வைத்ததும் இவர்கள்தான். எலன் ஜான்சன் சர்லீஃப் ஜெயித்து ஆப்பிரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் ஆனார். 2011இல் அவருக்கும் குபோவிக்கும் ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு. மறு வருடமே, அதிபர் தன் பிள்ளைகளுக்குப் பதவி கொடுக்கிறார், ஏழைகளுக்கு எதுவும் மாறவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அரசின் நல்லிணக்கக் குழுவிலிருந்து குபோவி விலகினார். அவர் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது அப்போதுதான்.

இதையெல்லாம் போன வாரம் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். வெற்றிலையை மென்றபடி முழுசாகக் கேட்டார். வாசலை அடைத்து உட்கார்ந்த இடம் வந்தபோது மெல்லுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அத்தனை நாளு அவங்க புள்ளைகளை யாரு பாத்துக்கிட்டா?"

குபோவியின் பிள்ளைகள் அவருடைய அக்காவின் பொறுப்பில் இருந்தார்கள் என்று படித்தது ஞாபகம் வந்தது, சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அடுத்த கூட்டத்துக்கு நம்மளைக் கூப்பிட்டா, கல்லு விழுந்ததை நான் பேசுறேன். நீ பக்கத்துல நில்லு" என்றார்.

நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.